அல்லிக்குளத்தில் கோர்ட்டு: சென்னை பீப்பிள்ஸ் பார்க் தேய்ந்த கதை

சென்ட்ரல் வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம், "அல்லிக்குளம் போகணும்ணே" என்றேன்.

"கோர்ட்டுக்கா சார்?"

"இல்ல, குளத்துக்கு."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க குளம் கிளம் எதுவும் இல்ல சார். காம்ப்ளெக்ஸ்தான் இருக்கு. அதுக்கு எதுக்கு ஆட்டோ, நடந்தே போயிடலாம்" என்றார். சவாரி போனாலும் பரவாயில்லை என்று உள்ளதைச் சொன்ன மனிதர்.

அவர் சொன்னது சரிதான். ரிப்பன் மாளிகையைத் தாண்டி, நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அல்லிக்குளம் வணிக வளாகம். கடைகளுக்காகக் கட்டிய கட்டடம். பிற்பாடு நீதிமன்றங்களும் அங்கே குடியேறியதால், 'அல்லிக்குளம் மகளிர் நீதிமன்றம்' என்று செய்தித்தாள்களில் பலமுறை படித்திருப்பீர்கள். அல்லி எங்கே, குளம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அங்கே நிஜமாகவே ஒரு அல்லிக்குளம் இருந்தது. அதைப்போல மொத்தம் 11 குளங்கள். அவற்றைச் சுற்றி 116 ஏக்கர் பூங்கா. உள்ளே மட்டும் ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள். அதன் பெயர் பீப்பிள்ஸ் பார்க், தமிழில் மக்கள் பூங்கா. ஜனங்கள் வாயில் வெறும் 'பார்க்கு'.

இன்றைக்குச் சென்ட்ரல் புறநகர் ரயில் முனையம், விக்டோரியா ஹால், ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம், அல்லிக்குளம் வளாகம் என்று வரிசையாக நிற்பவை எல்லாம் அந்தப் பூங்காவின் மடியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இவ்வளவு பெரிய பூங்கா எப்படித் தேய்ந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை. வில்லன் ஒருவனைத் தேடிக்கொண்டுதான் நானும் ஆரம்பித்தேன். கிடைக்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் எடுத்தவர்களிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது. கடைசிவரை இந்த விஷயத்தில் என்னை உறுத்துவது அதுதான்.

பதினைந்து மாத கவர்னர்

பூங்காவைப் போட்டவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். 1859 மார்ச்சில் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்தார். 1860 ஜூனில் போய்விட்டார். போனார் என்பதைவிடத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள் என்பது சரி. கல்கத்தாவில் புதிதாக வந்திருந்த நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன், 1857 கிளர்ச்சிக்குப் பின் காலியாகிக் கிடந்த கஜானாவை நிரப்ப வருமான வரி உள்ளிட்ட புதிய வரிகளைக் கொண்டுவந்தார். டிரெவெல்யன் அதை எதிர்த்தார். கோப்புக்குள் எதிர்த்திருந்தால் தப்பியிருப்பார். தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகையில் வரும்படி செய்துவிட்டார். வேலை போயிற்று. அப்புறம் சில வருஷத்திலேயே அதே கல்கத்தாவுக்கு நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார் என்பது தனிக் கதை.

மெக்காலேயின் தங்கையைக் கட்டியவர் இவர். பிரிட்டிஷ் அரசுப் பணிக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்க வேண்டும் என்று 1854இல் அறிக்கை கொடுத்த இருவரில் ஒருவர். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்பதால் அந்த நாட்டில் இன்றும் இவர் பெயரை எடுத்தால் முகம் சுளிப்பார்கள். சென்னையில் நிலைமை வேறு. இங்கே அவர் பூங்கா தந்தவர். ஒரே மனிதர், இரண்டு ஊர், இரண்டு கணக்கு.

அவருக்குத் தோன்றிய யோசனை அந்தக் காலத்துக்குப் புதிது. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் பொதுப் பணத்தில் மக்களுக்கென்று பூங்கா திறந்தது 1847இல். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஜனங்களுக்குத் திறந்தது 1858இல். அதற்கு அடுத்த வருஷமே சென்னையில் திட்டம் போட்டாயிற்று. அதுவரை இந்த ஊரில் தோட்டம் என்றால் கம்பெனி துரைகளின் தோட்ட வீடுகள், நவாபின் தோட்டம், கோயில் நந்தவனம், பெரும்பாலும் அவ்வளவுதான். கறுப்பர் பட்டணம் என்று அப்போது வழங்கிய இன்றைய ஜார்ஜ் டவுனில், சந்து சந்தாக நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள் சாயங்காலம் காற்று வாங்கப் போவதற்கு ஒரு இடம் வேண்டும் என்று கவர்னர் நினைத்தார். பெயரிலேயே 'மக்கள்' இருப்பதை வெறும் அலங்காரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு யாருக்காகவும் அது போடப்படவில்லை.

இடமும் யோசித்துத்தான் பிடித்திருக்கிறார்கள். கறுப்பர் பட்டணத்துக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வடக்கே, கால்வாய்க்குப் பக்கத்தில் கிடந்த திறந்தவெளி. கோக்ரேன் கால்வாய் என்று அன்று பெயர். பிற்பாடு பக்கிங்காம் கால்வாயானது. டிரெவெல்யன் கப்பல் ஏறிய பிறகுதான் பூங்கா முழு உருவம் பெற்றது. குளங்கள், பாதைகள், மரங்கள், பேண்டு வாசிக்க மேடை, பொதுக் குளியலிடம், டென்னிஸ் ஆடத் திடல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

உயிர் காலேஜ்

ஆனால் ஜனங்களைப் பூங்காவுக்கு இழுத்தது டென்னிசும் பேண்டும் அல்ல, புலி.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு டாக்டர். கல்லையும் செத்த மிருகத்தையும் பார்க்க வருகிற கூட்டத்தைவிட, உயிரோடு ஒரு மிருகத்தை நிறுத்தினால் வருகிற கூட்டம் பல மடங்கு என்று கண்டுகொண்டவர். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி, அவர் வளர்த்த மிருகங்களை வாங்கிக்கொண்டார். 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிரியல் பூங்கா தொடங்கியது. ஒரே வருஷத்தில் 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள். இடம் போதவில்லை. 1861இல் அதை நகரசபையிடம் ஒப்படைத்தார்கள். நகரசபை அதைப் பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு மூலைக்குக் கொண்டுபோனது. பார்க்கக் காசு கிடையாது.

இந்தப் பிரிவினையைச் சென்னைத் தமிழ் தன் பாணியில் பதிவுசெய்து வைத்திருக்கிறது. மிருகங்கள் போய்ச் சேர்ந்த இடம் 'உயிர் காலேஜ்'. பாடம் பண்ணிய மிருகங்களும் எலும்புக்கூடுகளும் மிஞ்சிய எழும்பூர் கட்டடம் 'செத்த காலேஜ்'. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் காலையில் செத்த காலேஜ், மத்தியானம் கட்டுச்சோறு, சாயங்காலம் உயிர் காலேஜ். எங்கள் பாட்டி கடைசிவரை 'ஜூ' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. வண்டலூருக்குக் கூட்டிப்போனபோதும், "உயிர் காலேஜை இம்மாந் தூரத்துக்கா கொண்டாந்துட்டாங்க" என்றுதான் கேட்டார்.

நூறு வருஷத்துக்கு மேல் அந்த மிருகங்கள் ரயில் ஊதலைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தன. பக்கத்தில் சென்ட்ரல் நிலையம் 1873இல் வந்துவிட்டது. ஜார்ஜ் ஹார்டிங் என்பவரின் வரைபடம். நான்கு நடைமேடைகளோடு தொடங்கிய நிலையம் அது. அது பூங்காவுக்குப் பக்கத்து வீடு மாதிரிதான் முதலில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெரிய ஆளாக ஆக, மதில் சுவர் எப்படி நகரும் என்பது நமக்குத் தெரியாததா?

முதல் கத்தி: 57 கிரவுண்டு

பூங்காவிலிருந்து எடுத்த துண்டுகளில், பத்திரக் கணக்கு மிகத் தெளிவாக இருப்பது விக்டோரியா பொது மண்டபத்துக்கானது. அதனால் அதைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம்.

1880களின் தொடக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, சென்னைக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். கூட்டம் போட, நாடகம் நடத்த, சொற்பொழிவு கேட்க. தப்பான ஆசை இல்லை. 1883 டிசம்பர் 17 அன்று விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி அடிக்கல் நாட்டினார். வரைபடம் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டி. ராணி விக்டோரியாவின் பொன்விழாவோடு சேர்ந்துகொண்டதால் ராணியின் பெயர் வைத்தார்கள்.

நிலம்? பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு. நகரசபை அதை 1886 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. வாடகை கிரவுண்டுக்கு வருஷம் எட்டணா. ஆக மொத்தம் வருஷத்துக்கு 28 ரூபாய் சொச்சம்.

சென்னைக்காரர்களுக்குக் கிரவுண்டு கணக்கு மனப்பாடம்: 2,400 சதுர அடி. 57 கிரவுண்டு என்றால் மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். 116 ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,100 கிரவுண்டு. அப்படியானால் டவுன் ஹாலுக்குப் போனது நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. அன்றைய நகரசபை உறுப்பினர் ஒருவரின் நாற்காலியில் நாமே உட்கார்ந்திருந்தாலும் கையைத் தூக்கியிருப்போம். இவ்வளவு பெரிய பூங்காவில் மூலையில் மூணு ஏக்கர், அதுவும் ஊருக்கே பொதுவான மண்டபத்துக்கு. இதை எதிர்ப்பவன் ஊருக்குப் பகையாளி என்றுதான் தோன்றியிருக்கும்.

மண்டபமும் சும்மா கிடக்கவில்லை. 1896இல் ஸ்டீவன்சன் என்பவர் சென்னையின் முதல் சலனப்படக் காட்சியை அங்கேதான் காட்டினார். 1897இல் விவேகானந்தர் பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா அந்த மேடையில்தான் நாடகங்களைப் போட்டது. அந்த மூணு ஏக்கர் வீணாகிவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

பூங்காவில் வருஷாவருஷம் டிசம்பர் கடைசியில் 'பார்க் ஃபேர்' என்று ஒரு திருவிழா நடக்கும். கொட்டகைகள், வேடிக்கைகள், கடைகள், இரவு விளக்குகள். நகரமே திரளும். 1886 டிசம்பர் 31 இரவு கொட்டகைகளில் தீப் பிடித்தது. நூற்றுக்கணக்கானோர் கருகிச் செத்தார்கள். சென்னை வரலாற்றின் மிகக் கொடிய தீ விபத்துகளில் ஒன்று அது. ஆச்சரியம் என்னவென்றால், அதற்காகக்கூடப் பூங்காவை ஜனங்கள் கைவிடவில்லை. திருவிழாவும் பிற்பாடு தொடர்ந்தது. நெருப்புக்குத் தப்பிய பூங்கா கட்டடங்களுக்குத் தப்பவில்லை.

அப்பா அம்மாவைத் தவிர

அடுத்த துண்டு சந்தைக்கு. பிராட்வே பக்கம் இருந்த பழைய மார்க்கெட் நெரிசலும் நாற்றமுமாக இருந்தது. நகரசபைத் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் புதிய மார்க்கெட்டுக்கு அடிக்கல் நாட்டினார். 1900இல் திறந்தது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் சிவப்புச் செங்கல்லில் வளைவு வளைவாக வாசல்கள். அதுதான் மூர் மார்க்கெட்.

'அப்பா அம்மாவைத் தவிர எல்லாம் கிடைக்கும்' என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், வெண்கலச் சிலை, கடிகாரத்தின் ஒற்றை முள். விலை கேட்டவுடன் பாதியிலிருந்து பேரம் பேசத் தெரியாதவன் உள்ளே போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். இரண்டு தலைமுறைத் தமிழ் வாசகர்களின் அலமாரிகளில் பாதி அங்கிருந்து வந்ததுதான். எங்கள் வீட்டிலும் மூர் மார்க்கெட் அகராதி ஒன்று உண்டு. முதல் பக்கத்தில் யாரோ ஒருவருக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பரிசு முத்திரை, அதற்குக் கீழே பென்சிலில் இரண்டு விலைகள், ஒன்று அடிக்கப்பட்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்க்கெட் வந்ததும் பூங்காவுக்கு வரும் ஜனங்கள் கூடினார்கள். ஆனால் வந்த காரணம் மாறிவிட்டது. மரத்தடிக்கு வந்தவர்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். பூங்கா என்பது சந்தைக்குப் பின்னால் இருக்கிற காலி இடம் என்று கண்ணில் பட ஆரம்பித்தது அப்போதுதான் என்பது என் எண்ணம். 'காலி இடம்' என்ற பெயர் விழுந்துவிட்டால் நிலத்தின் தலையெழுத்து முடிந்தது.

எங்கள் அப்பன் ரிப்பன்

பூங்காவின் காவலாளி நகரசபைதான். அந்தக் காவலாளியே உள்ளே வந்து வீடு கட்டிக்கொண்டான்.

எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்த நகரசபை அலுவலகம் பற்றாமல் போகவே, புதிய மாளிகைக்குப் பூங்கா நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1909 டிசம்பரில் வைஸ்ராய் மிண்டோ அடிக்கல் நாட்டினார். ஹாரிஸ் வரைந்தார். லோகநாத முதலியார் கட்டினார். ஏழரை லட்சம் ரூபாய் செலவு. 1913இல் வைஸ்ராய் ஹார்டிங் திறந்துவைத்தார். உள்ளாட்சிக்கு உயிர் கொடுத்தவர் என்பதால் ரிப்பன் பிரபுவின் பெயர். 'லார்டு ரிப்பன் எங்கள் அப்பன்' என்று ஊரே பாடிய பெயர் அது. வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தக் கட்டடத்தின் அழகில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. சாயங்கால வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பத்து நிமிஷம் நிற்கலாம்.

ஆனால் நிர்வாகக் கோணத்தில் பார்த்தால் இந்த வழக்கின் திருப்பம் இங்கேதான். டவுன் ஹாலுக்குக் குத்தகை என்றாவது ஒரு காகிதம் இருந்தது. கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். மார்க்கெட்டிலும் மாளிகையிலும் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரே. நிலத்துக்குச் சொந்தக்காரர் நகரசபை, அதைப் பராமரிக்க வேண்டியவர் நகரசபை, அதில் கட்ட ஆசைப்படுபவரும் நகரசபை. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நாற்காலியில் ஆளே இல்லை. தன் கைச் சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிட யாரிடம் அனுமதி கேட்பது?

413 ரன்னும் ஒரு ஸ்டேடியமும்

விளையாட்டுக்கும் பூங்காவுக்கும் ஆரம்பத்திலிருந்தே உறவு உண்டு. எஸ்.ஐ.ஏ.ஏ. என்று ஊர் அறிந்த தென்னிந்திய தடகளச் சங்கத்தின் திடல் அங்கேதான் இருந்தது. திடல் என்பது பூங்காவுக்கு அன்னியம் இல்லை. புல் புல்லாகவே இருக்கும், மழைத் தண்ணீர் இறங்கும், ஆட்டம் இல்லாத நாளில் யாரும் நடக்கலாம். பிரச்சினை, திடல் ஸ்டேடியமாக வளர்வதில்தான்.

கார்ப்பரேஷன் ஸ்டேடியம் எழுந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது இங்கேதான். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனை 52 வருஷம் நின்றது. 1960களின் நடுவில் டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்துக்குத் திரும்பிப் போயின. 1993இல் பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு 260 நாளில் புதியதை, இன்றைய நேரு ஸ்டேடியத்தை, கட்டினார்கள். 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இப்போது கால்பந்து, தடகளம், பக்கத்தில் உள்ளரங்கம். டிக்கெட்டோ அடையாள அட்டையோ இல்லாதவருக்கு வேலியும் மதிலும்தான் தெரியும்.

1985

மேலே எழுதியவற்றில் மூன்று இழைகள் ஒரே வருஷத்தில் வந்து முடிகின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கே திக்கென்றது.

1886 ஏப்ரலில் தொடங்கிய 99 வருஷக் குத்தகை 1985 மார்ச் கடைசியில் முடிந்தது. டவுன் ஹால் நாளாவட்டத்தில் பூட்டிக் கிடக்கும் கட்டடமானது.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. ரயில்வேக்கு அந்த இடம் தேவை என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்ததால், தீ தானாக வந்ததா என்ற கேள்வியைப் பழைய புத்தகக் கடைக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதில் யாரிடமும் இல்லை. கடை இழந்தவர்களுக்கு மாற்று இடமாகத்தான் அல்லிக்குளத்தில் வணிக வளாகம் வந்தது. பூங்காவிலிருந்து மார்க்கெட்டுக்குக் கொடுத்த நிலம் ரயில்வேக்குப் போக, மார்க்கெட்டுக்கு ஈடாகப் பூங்காவின் குளம் போயிற்று. ஒரே கடனை இரண்டு தடவை கட்டிய கணக்கு.

அதே 1985 ஜூலை 24 அன்று வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறந்தது. புகையும் இரைச்சலும் இடநெருக்கடியும் தாங்காமல் 1970களின் நடுவிலேயே எடுத்த முடிவு அது. வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். பழைய பூங்கா முழுவதையும்போல ஏறத்தாழ 11 மடங்கு. மிருகங்களுக்கு இது நல்ல காலம்தான், அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் சௌகார்ப்பேட்டையிலிருந்தும் பெரியமேட்டிலிருந்தும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தே போய்ப் புலி பார்த்துத் திரும்பிய வழக்கம் அதோடு நின்றது. பீப்பிள்ஸ் பார்க்குக்கு ஜனங்கள் வருவதற்கு மிஞ்சியிருந்த கடைசிக் காரணமும் போனது.

மார்க்கெட் எரிந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. கால்வாய்க்கு ஒருபக்கம் பழைய சென்ட்ரல், மறுபக்கம் இது. ரயில்வேக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். ஆவடிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் தினமும் ரயில் ஏறுகிறவர்கள் 'எம்.எம்.சி.' என்கிறார்கள். எரிந்த மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்றையும் அங்கே வைத்தார்கள்.

எங்கே தவறியது

'கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் தேய்ந்த விதத்தைப் பார்த்தால் சில விஷயங்கள் பிடிபடுகின்றன.

முதலாவது, எந்தத் துண்டும் தனிப்பட்டவர் பைக்குள் போகவில்லை. மண்டபம், சந்தை, நகரசபை, ஸ்டேடியம், ரயில் நிலையம் எல்லாமே பொது. பூங்கா ஆக்கிரமிப்பு என்றால் நமக்கு உடனே ரியல் எஸ்டேட்காரர் முகம்தான் ஞாபகம் வரும். அவர் வந்திருந்தால் ஒருவேளை பூங்கா பிழைத்திருக்கும், ஏனென்றால் யாராவது வழக்குப் போட்டிருப்பார்கள். பொதுக் காரியத்தை எதிர்த்து எந்த முகத்தோடு வழக்குப் போடுவது?

இரண்டாவது, ஒவ்வொரு தடவையும் கேள்வி 'இந்த மூன்று ஏக்கர் முக்கியமா, டவுன் ஹால் முக்கியமா' என்றே வந்தது. 'மொத்தத்தில் எத்தனை ஏக்கர் வரை விடலாம்' என்று யாரும் ஒரு கோடு கிழிக்கவில்லை. கோடு இல்லாத இடத்தில் தாண்டினோம் என்ற உணர்வே வராது. 1859ஆம் வருஷத்தில் பிறந்த பூங்காவுக்கு, சரியாக நூறு வருஷம் கழித்து 1959இல்தான் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்கும் சட்டம் இங்கே வந்தது. அதற்குள் மண்டபமும் மாளிகையும் மார்க்கெட்டும் வந்து பல காலம் ஆகியிருந்தது.

பெங்களூரைப் பாருங்கள். 1870இல் ரிச்சர்ட் சாங்கி போட்ட கப்பன் பூங்காவுக்குள்ளும் நூலகம், அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. அங்கேயும் சண்டைகள் நடந்தன. ஆனால் அங்கே கட்டடங்கள் பூங்காவுக்குள் இருக்கின்றன. இங்கே பூங்கா கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. 1975இல் கர்நாடகம் பூங்காக்களைக் காக்கத் தனிச் சட்டம் போட்டபோது காப்பதற்கு அங்கே பூங்கா மிச்சம் இருந்தது.

மூன்றாவது காரணம் இருப்பிடம், இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நகரம் மேற்கே வளர்ந்தது. சென்ட்ரல் வந்தது. ஊர் ஓரத்தில் போட்ட பூங்கா ஐம்பது வருஷத்தில் ஊர் நடுவுக்கு வந்துவிட்டது. மாகாணத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ரயில் வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்து நிலம், மரம் நடுவதற்கு ரொம்பவும் விலை கூடிய நிலம்.

மிச்சம்

நடந்து பார்த்தால் இன்னும் சில தடயங்கள் அகப்படும். விக்டோரியா ஹால் வளாகத்தில் டிரெவெல்யன் பெயரில் ஒரு நீரூற்று இருக்கிறது. மெட்ரோ சுரங்க வேலை நடந்த வருஷங்களில் அந்தப் பக்கமே தகர அடைப்புகளுக்குள் மறைந்து கிடந்தது. பிற்பாடு மாநகராட்சி ஹாலைப் புதுப்பிக்கும் வேலையைக் கையில் எடுத்தது.

பூங்கா என்று சொல்லத் தக்கதாக மிஞ்சியிருப்பது மைலேடீஸ் பூங்கா. ஸ்டேடியத்துக்கு அந்தப் பக்கம், சைடன்ஹாம்ஸ் சாலையை ஒட்டி. ஒரு காலத்தில் இங்கே நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு ஊரே திரளும். நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பெரியமேட்டுத் தோல் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் துண்டை விரித்து மர நிழலில் படுத்திருந்தார்கள். ஒரு பெண் டிபன் டப்பாவைத் திறந்துவைத்து, பள்ளிச் சீருடையில் இருந்த பையனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவன் சாப்பிடாமல் ஒரு அணிலையே பார்த்துக்கொண்டிருந்தான். கவர்னர் யாருக்காகப் பூங்கா போட்டாரோ அதே ஜனங்கள், அதே காரணத்துக்காக. இடம்தான் சுருங்கியிருக்கிறது.

திரும்பும்போது சாலையைக் கடந்து ரயில் பிடிக்கப் போனேன். நண்பர் ஒருவரை எழும்பூரிலிருந்து வரச் சொல்ல வேண்டியிருந்தது. "பார்க்ல இறங்குங்க" என்று போனில் சொன்னேன்.

"பார்க்கா, பார்க் டவுனா?" என்றார் அவர். "ரெண்டு ஸ்டேஷன் இருக்கே."